பலகைக் கப்பல்

ஈரச் சாக்கின் மணம் பட்டால் எனக்கு இன்றும் மூச்சு முட்டும். ஐம்பதுகளில், முல்லைத்தீவுப் பக்கம் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த வயற்காணியில் எங்கள் வீடு இருந்தது. மார்கழி மழையில் முன்னால் ஆறு பெருகிப் பாதையை மூடிவிடும். பின்னால் காடு, காட்டில் யானை. நடுவில் ஒரே அறைக்குள் நாங்களும் நெல்மூட்டைகளும் கோழிகளும். முதலில் பஸ் நிற்கும், பிறகு உப்பு முடியும், கடைசியில் மண்ணெண்ணெயும் முடியும். "இஞ்சேருங்கோ, ஊருக்கே போயிடுவம்" என்று யாழ்ப்பாணத்தை நினைத்து அம்மா அழுவார். "தண்ணி வத்தட்டும், போவம்" என்பார் அப்பா. தண்ணீர் வற்றியதும் அவர் போவது வயலுக்குத்தான்.

விடியுமுன் மண்வெட்டியோடு இறங்கி இருட்டும்வரை உழைக்கும் அந்த மனிதருக்கு விளையாட்டும் வேண்டும். விதைப்புக்கு முன் சேற்றை மட்டம் செய்ய எருமைக் கடாக்களில் பூட்டி இழுக்கும் பலகைக்குப் பாரம் தேவை என்று சாட்டுச் சொல்லி, அக்காவையும் என்னையும் அதில் ஏற்றி, "கப்பல் வெளிக்கிடுது" என்று கூவிக்கொண்டு ஓட்டுவார். விதைத்த பிறகோ, வரம்பு தாண்டி ஒரு கால் வைக்க எங்களை விடமாட்டார்.

அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த ஆண்டு மழை முந்திவிட்டது. முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன்பே ஆறு பாதையை மூடியது. ஒரு காலையில் வலி தொடங்கி, அக்கா என் கையை நெரித்தபடி கிடந்தாள். மருத்துவிச்சி மாமியின் வீடு வயல்வெளிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் வண்டி புதையும், மாமியோ முழங்கால் வாதக்காரி. அப்பா போய்ப் பலகையைப் பூட்டினார். நேர்வழி எங்கள் பயிருக்கு ஊடாகவே போனது. சாண் உயரப் பச்சையை மிதித்துக்கொண்டு கடாக்கள் இறங்கின.

"பயிரெல்லாம் போகுது" என்றார் அம்மா, நெஞ்சில் கை வைத்து.

"நெல்லிட்டக் கேட்டனான். ஓமெண்டது."

திரும்பி வரும்போது பலகையில் மாமி குடையோடு குந்தியிருந்தார். பின்னால் அப்பா அவரைப் பிடித்தபடி நின்று ஓட்டினார். மழைக்கு மேலாக அவர்களின் கதை கேட்டது.

"தம்பி, நான் சேத்தில விழுந்தனெண்டால் உன்ர பேரப்பிள்ளை தன்பாட்டிலதான் பிறக்கோணும்."

"கப்பலுக்கு ரிக்கற் எடுத்த ஆக்களை நான் விழுத்திறதில்லை மாமி."

மத்தியானம் பிள்ளை அழுதது. பெடியன். முகம் கழுவாமலே எட்டிப் பார்த்துச் சிரித்த அப்பா, அடுத்த கணம் வயலில் நின்றார். சாய்ந்த பயிரை ஒவ்வொரு பிடியாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். அதில் பெரும்பகுதி எழும்பவில்லை. அறுவடைவரை வயலின் நடுவே கிடந்த அந்த வெறுந்தடத்தை, வந்தவர்களுக்கெல்லாம் "பேரன்ர றோட்டு" என்று காட்டினார். பேரன் நடக்கப் பழகியதும் அவனும் கப்பல் ஏறினான்.

ஆற்றுக்குப் பாலம் வருமுன்பே அப்பா போய்விட்டார். இப்போது பலகை இல்லை, கடாக்கள் இல்லை. உழவு மெஷின் வருகிறது. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டுப் பாலங்களுக்குப் படம் வரையும் வேலையில் இருக்கும் நான், லீவில் வரும்போதெல்லாம் அம்மாவை யாழ்ப்பாணத்து ஊருக்குக் கூப்பிடுகிறேன். பஸ் வாசல் படலையடியிலேயே நிற்கிறது. சென்ற பங்குனியிலும் கேட்டேன். மழை பெய்து மாதங்களாகி, பாதையில் புழுதி பறந்துகொண்டிருந்தது. அம்மா வயலைப் பார்த்தபடி சொன்னார்:

"தண்ணி வத்தட்டும், போவம்."