ஆயுத பூஜையன்னிக்கு ஸ்டார்ட் பண்ண வண்டி

இன்னிக்கு நினைச்சாலும் என்ற இடது கால் தானா நடுங்குதுங்க.

எங்க ஊரு கணபதியில, ஊட்டுக் கார் ஷெட்டுல ஒரு பழைய லேத் கிடக்குது. கடைசல் வேலையை நான் கத்துக்கிட்டது அதுலதான். பழைய குட்டிக் கார் ஒண்ணைப் பிரிச்சுப் பெரிய என்ஜினைத் தூக்கி வெச்சு, ரேஸ் வண்டியா மாத்தணும்னு எனக்கொரு கிறுக்கு. என்ஜின் காத்து இழுக்கற நாலு அலுமினியக் குழலையும் நானே கடைஞ்சேன். புனலாட்டம் வாய் விரிஞ்சு, பளபளன்னு முகம் பார்க்கலாம். தூசி உள்ள போகாம அதுக்கு மேல மாட்டற ஃபில்டர் இன்னும் வந்து சேரலை.

ஆயுத பூஜையன்னிக்கே வண்டியை நகர்த்திப் போடணும்னு எங்கம்மா ஒத்தக்கால்ல நின்னாங்க. நான் குளிச்சுச் சேலை கட்டிட்டு வர்றதுக்குள்ள, லேத்துல இருந்து ஸ்பேனர் வரைக்கும் பொட்டு வெச்சு, வண்டி பானட்டை மூடி மாலையும் போட்டிருந்தாங்க.

என்ற ஊட்டுக்காரரு சக்கரத்துக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வெச்சாரு. நான் ஏறி ஸ்டார்ட் பண்ணி, கிளட்சை மிதிச்சு முதல் கியரைப் போட்டேன். அப்பப் பார்த்து ஒரு பழம் உருண்டுபோச்சு. "இரு அம்மணி"ன்னு வண்டிக்கு முன்னாடி குனிஞ்சாரு. என்ஜின் அணையற மாதிரி இருமுச்சு. முத நாளே அணைஞ்சா அபசகுனம்னு அம்மா மூக்கைச் சிந்துவாங்களேன்னு ஆக்சிலேட்டரை லேசாத் தட்டினேன்.

அய்யோ! காலை எடுத்துட்டேன், என்ஜின் அடங்கலை. இன்னும் மேல மேல ஏறி அலறுது. பதறினா எந்தக் காலா இருந்தாலும் தூக்கத்தான் தோணும். கிளட்ச்சுக் காலைத் தூக்கினேன்னா அவரு சக்கரத்துக்கு அடியில. சாவியைத் திருப்பணும்னு கூட மண்டையில ஏறலை. ஸ்டியரிங்கைப் புடிச்ச கை புடிச்சபடியே இருக்குது. அவரு எந்திரிக்கக் காலு வராம அப்படியே உக்காந்துட்டாரு. கிளட்சை மட்டும் தரையோட அழுத்திக்கிட்டு, "சாமீ, சாமீ"ன்னு கத்துனேன்.

டமார்! என்ஜின் வெடிச்சு நின்னுபோச்சு. அடியில எண்ணெய் ஆறா ஓடுது.

எப்படி இறங்கினேன்னு தெரியலை. அவரு கையில எலுமிச்சம்பழத்தை வெச்சுக்கிட்டு, "ஏன் அம்மணி, என்ஜின் போயிருச்சா?"ங்கறாரு.

"நாசமாப் போகட்டும் என்ஜின்!"னு, அம்மா பார்க்கறாங்கன்னு கூட இல்லாம, அவரைக் கட்டிப்புடிச்சு ஓன்னு அழுதேன்.

அப்புறம் பானட்டைத் திறந்தோம். ஒரு குழலுக்குள்ள செவ்வந்திப்பூக் காம்பு. ஆக்சிலேட்டரை விட்டதும் காத்தை மூடற தகடு, மூட முடியாம அதுல இறுகிக் கிடந்துச்சு; அதான் என்ஜின் அடங்கலை.

அம்மாவுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. கண்ணைத் தொடைச்சுக்கிட்டே, "நாலு குழல்லயும் ஒவ்வொரு பூ வெச்சேன் கண்ணு. அந்தப் புண்ணியந்தான் மாப்பிள்ளையக் காப்பாத்துச்சு"ன்னாங்க.

என்ற வேலையில ஒரு குறை சொன்னா யாரா இருந்தாலும் சண்டைக்கு நிக்கறவ நான். 'அந்தப் பூவாலதான் எல்லாமே'ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அவரு என்ற கையை அழுத்தினாரு. அம்மாவோட கையில பூஜைத் தட்டு இன்னும் கடகடன்னு ஆடிக்கிட்டிருந்துச்சு.

"ஆமாம்மா"ன்னேன். "நான்தான் எங்கியோ தப்பாக் கடைஞ்சுபோட்டேன்."