எட்டு முறை சிமிட்டிய விளக்கு

கார்புரேட்டர் இல்லாமல், ஒரு கம்ப்யூட்டர் டப்பாவே பெட்ரோலை அளந்துவிடும் பைக்குகள் அப்போதுதான் திருப்பூருக்கு வரத் தொடங்கியிருந்தன. எங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் அவற்றைத் தொடவே பயந்தோம். அப்படி ஒன்றைத் தள்ளிக்கொண்டு, திருப்பூர் ராயபுரத்தில் இருந்த என் பட்டறைக்கு ஒரு தூத்துக்குடிக்காரர் வந்தார். பனியன் கம்பெனிகளுக்குத் துணி கொண்டுபோய்க் கொடுப்பவர்.

"மூட்டையோட போனா நடுரோட்டுல நின்னுருது அண்ணாச்சி. ஷோரூம்ல கம்ப்யூட்டர் டப்பாவையே மாத்தணுங்காவ."

மூட்டையை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. மீட்டரில் கோளாறைக் காட்டும் விளக்கும் எரியவில்லை. ஷோரூமிலும் வெறும் வண்டியைத்தான் ஓட்டியிருப்பார்கள் என்று சட்டென்று தோன்றியது.

"ஏனுங்க, மூட்டைய மறுபடியும் ஏத்திக் கட்டுங்க."

அவர் கட்டி முடித்ததும் சாவியைத் திருப்பினேன், விளக்கு சிமிட்டத் தொடங்கியது. எண்ணினேன். எட்டு. எத்தனை சிமிட்டலுக்கு என்ன கோளாறு என்று பட்டியலிட்ட ஜெராக்ஸ் தாள் ஒன்று என்னிடம் இருந்தது; அதில் எட்டு என்றால், ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று டப்பாவுக்குச் சொல்லும் சென்சாரில் கோளாறு. கழற்றிச் சோதித்தேன், சென்சார் நன்றாகவே இருந்தது. அதன் ஒயரைத் தடவிக்கொண்டே சீட்டுக்கு அடியில் போனேன். மூட்டைக்காக அவர் மாட்டியிருந்த கேரியர், பாரம் ஏறியதும் தாழ்ந்து ஒயரை நசுக்கிக்கொண்டிருந்தது.

ஒயரில் நசுங்கிய இடத்தை வெட்டி ஒட்டவைத்து, கேரியருக்கு எட்டாத பக்கமாகத் திருப்பிக் கட்டினேன். இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு நானே சேவூர் வரை போய்த் திரும்பினேன். வண்டி ஓரிடத்திலும் திணறவில்லை.

"அப்போ டப்பா?" என்றார்.

"டப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்க!" என்று தெருவே கேட்கும்படி சொன்னேன்.