நீலச்சடையன் பிரசாதம்

காலை பதினொன்று நாற்பதுக்குத் தம்பி சிரிக்க ஆரம்பித்தான். நேரம் இவ்வளவு திருத்தமாகத் தெரிவதற்குக் காரணம் எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியின் கம்பவுண்டர். அவர் எழுதிய சீட்டில் 11.40 என்று இருந்தது. பக்கத்து வீட்டுச் சித்தி ரேடியோவை அணைத்த நேரத்தை வைத்துச் சொன்ன கணக்கு அது. அம்மா அந்தச் சீட்டைக் கிழித்துப் போடவே இல்லை.

எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. கேரளத்தில் பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். பள்ளிக்கு விடுமுறை. அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தாள், அப்பா ஃபாக்டரியில். எங்களோடு தங்கியிருந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, கோவில் திருவிழாவுக்கு மைக் செட் எடுத்துவர ஜீப்பில் வண்டிப்பெரியாருக்குப் போயிருந்தார்.

போன மாதம்தான் இதெல்லாம் திரும்ப நினைவுக்கு வந்தது. என் மகள் பாத்திரம் துடைத்துக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுத்தாள். புகையைப் பற்றியும் பொட்டலத்தைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிற பாட்டு. "இதுக்கு அர்த்தம் தெரியுமாடி?" என்று கேட்டேன்.

"அர்த்தமெல்லாம் யாரும்மா கேக்குறா? பீட்டு நல்லாருக்கு, அவ்வளவுதான்."

அவளுக்குப் பதினைந்து வயது. அவள் குளிக்கப் போனபோது பள்ளிப் பையைத் திறந்து பார்த்தேன். ஒரு காது வேலை செய்யாத ஹெட்போனும் நாலு எலுமிச்சை மிட்டாயும் இருந்தன. அந்த மிட்டாய்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நானோ அர்த்தம் கேட்கிற குழந்தையாகத்தான் இருந்தேன். அதனால் ஒன்றும் தப்பிவிடவில்லை.

மாமா டோலக் வாசிப்பார். அவரும் மூன்று கூட்டாளிகளும் சேர்ந்து கோவிலில் பாடுவார்கள். சாமி பாட்டு தவிர சொந்தமாகக் கட்டிய பாட்டுகளும் உண்டு. அதில் ஒன்று லயம் முழுக்கப் பிரசித்தம்.

*நீலச்சடையன் வந்தாண்டி*
*நெஞ்சுக் கூட்டில் நின்னாண்டி*
*கண்ணுக்குள்ளே செவப்பு வச்சான்*
*காலுக்குக் கீழே மேகம் தச்சான்*

நீலச்சடையன் என்பது எங்கள் மலையில் விளைகிற ஒரு வகைக் கஞ்சாவுக்குப் பெயர். இன்று எனக்குத் தெரியும். அன்று எங்கள் வீட்டுக் காலண்டரில் இருந்த சிவனுக்குக் கழுத்தும் நீலம், தலையில் சடையும் இருந்தது. அதற்கு மேல் என்ன சந்தேகம் வரும்? அம்மா விளக்கேற்றும்போது அந்தப் பாட்டைத்தான் முணுமுணுப்பாள். கொழுந்து பறிக்கிற பெண்கள் வரிசையாக நின்று பாடுவார்கள். ஒரு பாட்டி கண்ணீர்கூட விட்டாள். மாமாவின் கூட்டாளிகள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். சாமி பாட்டுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குக் குடைச்சலாகவே இருந்தது. ஒரு நாள் கேட்டேன்.

"யாரு மாமா நீலச்சடையன்?"

"பெரிய சாமி புள்ள. மேல் மலையில இருக்காரு. எங்க நாலு பேருக்கு மட்டுந்தான் காட்சி குடுப்பாரு."

"எனக்குக் குடுக்க மாட்டாரா?"

அதற்கு ஒரு கூட்டாளி சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

பிற்பாடு மாமாவின் கைக்கு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாலைந்து வருடத்தில் தாளம் தப்ப ஆரம்பித்தது. அதன்பின் ரேடியோவில் வருகிற பாட்டெல்லாம் தன்னைத்தான் கேலி செய்கிறது என்றார். ஒரு நாள் ரேடியோவைத் தூக்கி அடுப்பில் வைத்தார். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை என்பார்கள். இருக்கலாம். எங்களுக்கு ஒரு மாமாதான் இருந்தார்.

அன்றைக்கு எனக்குக் கச்சேரி செய்ய ஆசை. டோலக்கை உறையிலிருந்து உருவியபோது உள்ளேயிருந்து ஒரு பழைய பவுடர் டப்பா விழுந்தது. திறந்தால் கருப்பாகச் சின்னச் சின்ன உருண்டைகள். எனக்கு அவை புதிதல்ல. பாடுவதற்கு முன்னால் நாலு பேரும் ஆளுக்கொன்று எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கண்ணில் ஒற்றிச் சாப்பிடுவது பிரசாதம் இல்லாமல் வேறு என்ன?

ஒரு உருண்டையைக் காலண்டருக்கு முன்னால் வைத்தேன். ஊதுபத்தி சுற்றினேன். தம்பியைக் கூட்டமாக உட்காரவைத்து, டோலக்கைத் தட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடினேன். கூட்டம் பாதியில் எழுந்து போகப் பார்த்தது. பிரசாதம் உண்டு என்று சொல்லித்தான் பிடித்து வைத்தேன். முடிந்ததும் நான் ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டேன். வெல்லத்துக்குள்ளே கசந்தது, சாக்கடையில் துப்பினேன். தம்பி வெல்லம் என்று பேர் சொன்னாலே விடமாட்டான். மிச்சத்தை முழுதாக விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டான்.

"சாமி ஒண்ணுதான் குடுப்பாரு" என்றேன். அந்த நேரத்துச் சாமியார்த்தனத்துக்காக எனக்கு நானே இன்றும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகுதான் அந்தச் சிரிப்பு. தன் கையைப் பார்த்துச் சிரித்தான். கை ரொம்ப தூரத்தில் இருக்கிறது என்றான். பிறகு சிரிப்பு நின்று, சுவரைப் பார்த்து அலற ஆரம்பித்தான். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சித்தி வந்தாள். திருவிழா வாரம், காப்புக் கட்டியாயிற்று. பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஏ தாயி! சின்னவனுக்கு அருள் வந்துருக்கே!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நெற்றி நிறைய விபூதியை அப்பினாள். வந்த அருளை வீணாக்குவானேன் என்று குறியும் கேட்டாள். "எம்மவளுக்கு எப்பம் அமையும் சாமி?"

"செவுரு வருது! செவுரு வருது!" என்று தம்பி கத்தினான்.

"செவுரா? அப்பம் சொந்த வீடு உள்ள எடம் சாமி!" என்று சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்கு மட்டும் உள்ளே பெருமை தாங்கவில்லை. என் பாட்டுக்குத்தான் சாமி வந்திருக்கிறார். அடுத்த நிமிடம் தம்பி வாந்தியெடுத்துச் சரிந்தான். சித்தி கூப்பிட்டாள், உலுக்கினாள், தண்ணீர் தெளித்தாள். கண் பாதி திறந்திருந்தது, பார்வை யார் மேலும் நிற்கவில்லை.

ஆள் விட்டு அம்மாவை வரவழைத்தார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு ஓடிவந்தவள் அவனை அப்படியே தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாள். நானும் சித்தியும் பின்னால் ஓடினோம்.

கம்பவுண்டர் மலையாளி, எங்களோடு பழகி இரண்டு பாஷையும் கலந்து பேசுவார். அந்த வாரம் தேயிலைக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மருந்து டின் கழுவிய தண்ணீரைப் பிள்ளை குடித்திருக்கும் என்று அவர் நினைத்தார். யார் வேண்டுமானாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அதற்கான மாற்று மருந்தை எடுத்து ஊசியில் ஏற்றினார். தம்பியின் வாயருகே குனிந்தவர் நின்று, மறுபடி முகர்ந்தார்.

"மருந்து மணம் இல்லியே" என்று என் பக்கம் திரும்பினார். "மோளே, பேடிக்கண்டா. பயப்படாதே. இவன் எந்தா கழிச்சது? என்ன தின்னான்?"

"பிரசாதம்."

"ஏது பிரசாதம்?"

"நீலச்சடையன் பிரசாதம் சார்."

"சிவன் பிரசாதம்னு சொல்லுதா சார்" என்று அம்மா அழுதுகொண்டே விளக்கினாள். "அவ பேச்சு கெடக்கட்டும் சார், நீங்க ஊசியப் போடுங்க!"

கம்பவுண்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"இந்தப் பேரு மோளுக்கு யாரு சொன்னது?"

"பாட்டுல வருது."

"பாடு."

நான் பாடினேன். பாட்டில் தம்பி எழுந்துவிடுவான் என்று நம்பி, கண்ணை மூடிக் கைகூப்பி, தாளத்தோடு பாடினேன். 'கண்ணுக்குள்ளே செவப்பு வச்சான்' என்ற அடி முடிந்து கண்ணைத் திறந்தபோது கம்பவுண்டர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் அழுகை நின்றிருந்தது. எத்தனையோ நாள் தான் விளக்கு முன்னால் முணுமுணுத்த வரி அது. இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிற மாதிரி என் வாயையே பார்த்தாள்.

"சேச்சி, இது கஞ்சாவு" என்றார் கம்பவுண்டர் அம்மாவிடம் தாழ்ந்த குரலில். "மிச்சம் உண்டெங்கில் எடுத்துவரச் சொல்லு. பெரிய டாக்டர் பார்க்கணும்."

அந்த ஊசியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல வருடம் கழித்து ஒரு டாக்டரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

எஸ்டேட் ஜீப்பில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க அம்மா தம்பியின் நெஞ்சில் கையை வைத்து, அது ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு நர்ஸ் பக்கத்திலேயே நின்று மூச்சைக் கவனித்தாள். அப்பா டப்பாவோடு வந்து சேர்ந்தார். டாக்டர் திறந்து பார்த்து, முகர்ந்து, அப்பாவை ஏறிட்டுப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். டப்பா கைக்குத் திரும்பி வந்ததும் நேராகப் பின்பக்கம் போய், இருந்ததையெல்லாம் செடிகளுக்குள் வீசினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணி வாக்கில் தம்பி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். இரண்டு மடக்கு குடித்துவிட்டு மறுபடி தூங்கினான். இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அம்மா இடுப்புச் சாக்கை அவிழ்த்தாள்.

அதற்கப்புறம் மாமா வந்தார். வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அம்மா அவரைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது, ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. தம்பிக்காக நடுங்குகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி கண்ணு முழிச்சுட்டான் மாமா. தண்ணி குடிச்சான்."

"டப்பா எங்க புள்ள?"

"அப்பா செடிக்குள்ள வீசிட்டாரு."

"எந்தச் செடி? வா, காட்டு."

கூட்டிக்கொண்டு போனேன். மாமா முட்டிபோட்டு, டோலக் வாசிக்கிற விரல்களால் புல்லை விலக்கி விலக்கித் தேடினார். நெற்றி வியர்த்துக் கொட்டியது. வேறு குழந்தை எடுத்துத் தின்றுவிடக் கூடாது என்று இவருக்குத்தான் எவ்வளவு கரிசனம், அங்கே யாருக்காவது இது தோன்றியதா என்று நினைத்தேன். நானும் பக்கத்தில் முட்டிபோட்டுத் தேடினேன். ஒன்று என் கையில்தான் கிடைத்தது. கொடுத்தேன். மண்ணை ஊதிவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கெட்டிக்காரி" என்றார். "அந்தப் பக்கமும் பாரு புள்ள. அம்மாகிட்ட சொல்லாத."

நல்ல காரியம் செய்கிறவர்கள் அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு, அந்தப் பக்கமும் தேடப் போனேன்.