மெஷின் சம்மட்டியும் வசந்தாவின் கையும்

மகன் வீட்டுக்கு எதிர் மனையில் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பப் போகிறது. ஒரு வாரமாக இரும்புக் குழாய்களைத் தரைக்குள் அடித்து இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் மேசைமேல் டம்ளரில் இருக்கும் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்குகிறது. மருமகள் கண்ணாடிச் சாமான்களை அலமாரியிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டாள். வயசானவர் இருக்கிற வீடு என்று சொல்லி மேஸ்திரியிடம் எனக்காகச் சண்டையும் போட்டுவிட்டு வந்தாள். இந்த அதிர்வைப் பற்றிப் புகார் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் பீங்கான் தொழில் சொல்லிக்கொடுத்தவன் நான். மண்ணைப் பிசைவது, வார்ப்பது, காயவைப்பது, சுடுவது என்று இதைத் தவிர வேறு எதையும் பேசாத வாழ்க்கை. இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தபோது, மண் சலித்துவிட்டது. அதைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பாகவும் இருக்கலாம். மாலை நேரங்களில் கலியபெருமாளின் இரும்புப் பட்டறையில் போய் உட்கார ஆரம்பித்தேன்.

கலியபெருமாளுக்கு என் வயதுதான். பெண்ணாடம் பக்கத்துக் கரும்புக்காரர்களுக்கு வெட்டுக் கத்தி அடித்துக் கொடுப்பார். அவருக்குச் சம்மட்டி அடித்துவந்த ஆள் பனியன் கம்பெனி வேலைக்கென்று திருப்பூருக்குப் போய்விட்டான். ஒற்றை ஆளாகச் சம்மட்டியும் பிடித்து, இரும்பையும் பிடித்து, அவருடைய வலது தோள் இறங்கிப்போயிருந்தது.

"படிச்சவரு, ஒரு மெஷினு பாத்துக் குடுங்களேன் சார்."

"நான் பீங்கான் வாத்தியார்யா."

"எல்லாம் நெருப்பு வேலதான. எங்களுது செவக்குது, உங்களுது வெளுக்குது. அவ்ளோதான்."

மங்கலம்பேட்டையில் ஒரு பாயிடம் தானே சம்மட்டி அடிக்கும் பழைய இயந்திரம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். அவருடைய அப்பா காலத்துப் பட்டறை. மகன்கள் மூன்று பேரும் வளைகுடா நாடுகளில் இருந்தார்கள். கூரை சரிந்த கொட்டகையில், ஆள் உயரத்துக்குமேல், துரு ஏறி நின்றது அந்தச் சம்மட்டி. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மேலே லாரிக்கு இருப்பதுபோல் பட்டைப் பட்டையாக அடுக்கிய வில், அதன் நுனியில் தொங்கும் இரும்புத் தலை, பக்கத்தில் பெரிய சக்கரம், கீழே காலால் அழுத்த ஒரு மிதி. சக்கரம் மோட்டார் பெல்ட்டில் சுற்ற, மிதியை அழுத்தினால் தலை இறங்கி இறங்கி அடிக்கும். அது எந்த நாட்டில் வார்த்தது என்ற எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தன. சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"கப்பல்ல வந்ததுன்னு அத்தா சொல்லுவாங்க" என்றார் பாய். "தெனம் தொழுவப் போறப்ப இதுலதான் காலு இடிச்சிக்கிறேன். எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. கோழிக்கு மட்டும் ஒரு பத்து நாளு டைம் குடுங்க."

குஞ்சு பொரித்த பிறகுதான் கரும்பு டிராக்டர் ஒன்றில் ஏற்றிவந்தோம்.

ரேஷன் மண்ணெண்ணெய் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்த நான்கு மாதங்கள் ஞாபகம் வரும். துணியை மண்ணெண்ணெயில் நனைத்து ஒவ்வொரு மரையிலும் சுற்றிவைப்போம். மறுநாள் தட்டினால் ஒன்று கழலும், இரண்டு கழலாது. வில்லில் இரண்டு பட்டை முறிந்திருந்தது. லாரிப் பட்டறையிலிருந்து பழைய பட்டை வாங்கி, சுட்டு, வளைத்துச் சேர்த்தார் கலியபெருமாள். மூடிக் கிடந்த நெல் மில்லில் பெல்ட் கிடைத்தது. என் நகக்கண்ணில் முப்பது வருடம் இருந்த வெள்ளை மண் போய்க் கருப்பு ஏறியது. வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது அதைப் பையன்கள் பார்க்கட்டும் என்று கையைக் கொஞ்சம் தூக்கியே பிடிப்பேன். அந்த அளவுக்குத்தான் எனக்குப் புத்தி இருந்தது.

அஸ்திவாரம்தான் மிச்சம். இப்படிப்பட்ட இயந்திரத்தை நேரே கான்கிரீட்டில் உட்காரவைக்கக் கூடாது. அடியில் கனமான மரக்கட்டைகள் போட வேண்டும், சுற்றிலும் ஓர் அகழி விட்டு அதில் மரத்தூள் நிரப்ப வேண்டும். அப்போதுதான் அதிர்வு மண்ணில் பரவாது. புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தோண்டிய குழியில் தண்ணீர் நின்றால் இரண்டு மாதம் தள்ளிப்போகும். சம்மட்டியின் சத்தத்தைக் கேட்க எனக்கு அவசரம்.

"சார், செவுத்துக்கு அந்தாண்ட செல்வராணி அக்கா பச்ச காயவெக்கிறாங்க. அதிராதா?" என்று கலியபெருமாள் கேட்டார். சுடாத சாமானை எங்கள் ஊரில் பச்சை என்போம். பட்டறைக்கும் செல்வராணியின் பீங்கான் கொட்டகைக்கும் ஒரே சுவர்தான்.

"கணக்குப் போட்டுட்டேன்" என்றேன். நான் எந்தக் கணக்கும் போட்டிருக்கவில்லை.

நேரே கான்கிரீட் போட்டோம். முதல் நாள் அது அடித்த அடியில் பழுத்த இரும்பு மாவுபோல் விரிந்தது. கலியபெருமாள் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, வேலை இல்லாமல் தொங்கிய தன் வலது கையைப் பார்த்துச் சிரித்தார்.

இரண்டு மாதம் போயிருக்கும். செல்வராணி என்னை அழைத்தார். ஊறுகாய் ஜாடியும் பீங்கான் பொம்மையும் செய்து நாலு பேருக்கு வேலை கொடுத்துவந்தவர். சூளையிலிருந்து இறக்கிய சாமானில் பாதிக்குப் பாதி மயிரிழை விரிசல். ஜாடியை விரலால் சுண்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். 'டொக்' என்றது.

"மண்ணு அதே மண்ணுதான் சார். சூளையும் அதேதான். எனக்கு ஒண்ணும் புரியல. இப்பிடியே போனா மூடிட வேண்டியதுதான்."

அப்போது கரண்ட் இல்லை. அந்த வருடங்களில் தினமும் போகும். நான் ஜாடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. சுவருக்கு அப்பால் சம்மட்டி அடிக்கத் தொடங்கியது. சுவரை ஒட்டிய பலகையில் பச்சை ஜாடிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு அடிக்கும் பலகைமேல் கிடந்த வெள்ளை மண் பொடி எள்ளளவு எழும்பி விழுந்தது.

செல்வராணி பலகையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் சம்மட்டியை நிறுத்தி, கான்கிரீட்டை உடைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைவிட, நான் தப்புச் செய்தேன் என்று ஆக வேண்டும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அச்சிலிருந்து எடுக்கறப்ப கை அழுத்துது. தூக்கி வைக்கறது யாரு?"

தூக்கி வைப்பது வசந்தா. நல்லூர் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். பதினோரு வருடமாக அந்தக் கொட்டகையில் பச்சையைக் கையால் தொட்டவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கையப் பாருங்கக்கா, நடுங்குதா? இத்தினி வருசத்துல ஒரு மூடி நழுவியிருக்குமா?"

"நானா சொல்றேன்? காலேஜு சாரே சொல்லிட்டாரு வசந்தா. அவருக்குத் தெரியாததா?"

சாப்பாட்டுக் கூடையை எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு வசந்தாவின் குரல்: "சாரே சொல்லிட்டாருன்னா சரியாதான்க்கா இருக்கும்."

சாப்பாட்டுக் கூடையோடு பட்டறை வாசலைக் கடக்கும்போது நின்று, "போயிட்டு வரேன் சார்" என்றார். நானும் தலையாட்டினேன்.

கலியபெருமாள் சாயங்காலம் வரைக்கும் மிதியில் காலே வைக்கவில்லை. கடைசியில், "நம்ம மெஷினாலயா சார்?" என்றார்.

"இல்ல" என்றேன்.

இரண்டு நாளில் பொங்கல் வந்தது. பட்டறையை மூடிய அந்த நாட்களில், அடித்தளத்தில் வெடிப்பு விட்டிருப்பதாகச் சொல்லி, கான்கிரீட்டை உடைக்கவைத்தேன். கருவேலங்கட்டைகள் போட்டு, அகழி வெட்டி, மரத்தூள் நிரப்பினோம். கலியபெருமாள் அந்த வேலை முடிகிற வரைக்கும் என்னிடம் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. சுவர் அதிர்வது நின்றது. அத்தோடு யோக்கியனாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் செல்வராணி தன் ஜாடி ஒன்றில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு எடுத்துவந்தார். "நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சார். அவ போனதுக்கு அப்பறம் ஒண்ணு கூட விரியல. எல்லா ஜாடியும் கணீர்னு கேக்குது." எல்லாக் கொட்டகைகளிலும் இதையே சொல்லியிருக்கிறார். வசந்தாவை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கரும்பு வெட்டப் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். அவர் பிடித்த கத்தி எங்கள் சம்மட்டியில் அடித்ததாக இருக்கக்கூடும் என்று ஒரு தரம் தோன்றியது. மேற்கொண்டு யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அந்த ஊறுகாயைச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓய்வு பெற்று மகனோடு வந்துவிட்டேன். போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக விருத்தாசலம் போனபோது அந்தத் தெருவைத் தேடினேன். பட்டறையும் கொட்டகையும் இருந்த இடத்தில் சரக்கு வைக்கும் கிடங்கு நிற்கிறது. கலியபெருமாள் இறந்துவிட்டார். சம்மட்டியை அவருடைய பிள்ளைகள் கேஸ் கட்டர் வைத்து நாலு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். செல்வராணி மகளோடு வேறு ஊர் போய்விட்டார். குற்றத்துக்குச் சாட்சி சொல்ல ஒரு செங்கல்கூட இல்லை.

கல்யாணச் சாப்பாட்டுக்கு நிற்காமல் நல்லூர் பக்கம் பஸ் ஏறினேன். விசாரித்து வசந்தாவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். மருமகள்தான் இருந்தாள். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து கையைத் துடைத்தாள்.

"அத்த தவறி ரெண்டு வருசம் ஆவுதுங்க. நீங்க யாரு?"

"பீங்கான் கொட்டகையில வேல பாத்தப்ப தெரியும்மா."

"ஆமாங்க, சொல்லும். கை சரியில்லன்னு வூட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். இங்க வூட்டுலயும் கண்ணாடி, பீங்கான்னு எதையும் தொடாது. டீயக் கூட சில்வர் டம்ளர்ல ஊத்தி நாங்கதான் கையில குடுக்கணும். என் கையில ஒண்ணும் நிக்காது, நீயே எடுன்னும்." அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா இத்தினி வருசத்துல அது எதையும் ஒடச்சி நாங்க பாத்ததில்லிங்க."

"அவங்க ஒடைக்கல" என்றேன்.

அதற்குமேல் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அவளும் காத்திருந்தாள். "போயிட்டு வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தேன்.