மாலையும் கழுத்துமாக ஒரு போட்டோ

போன வாரம் கே.ஜி.கண்டிகையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு டீ சொன்னேன். பக்கத்து பெஞ்சில் ஒருவர் செல்போனில் சத்தமாகச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கோ தூரத்தில் ஒரு நாடு, தெருவுக்குத் தெரு மாதா கோயில் இருக்கிற நாடு. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டம் போடலாமா என்று ஊரே ரெண்டுபட்டுக் கிடக்கிறதாம். ஒரு பக்கம் பாதிரியார்கள் சிலுவையோடு ஊர்வலம் போகிறார்கள், இன்னொரு பக்கம் வானவில் கொடி.

"சாமிக்கு பயந்த ஊர்லயே இந்தக் கூத்தா?" என்றார் செல்போன்காரர்.

"அவங்க கட்டிகினா உனுக்கு இன்னாபா போவுது?" என்றார் டீ மாஸ்டர்.

"ஆங், உன் வூட்ல நடந்தா தெரியும்."

மாஸ்டர் பாலை ஆற்றப் போய்விட்டார். நம் நாட்டிலும் கோர்ட்டு வரை போய், பாராளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று திரும்பி வந்த விஷயம்தான் இது. எனக்கும் ஒரு கட்சி உண்டு. ஆனால் வாயைத் திறக்கிற யோக்கியதை இல்லை. ஏன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு ஸ்டுடியோவில் அஞ்சு வருஷம் ஆல்பம் டிசைனராக இருந்தேன். டிசைனர் என்பது நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம். பொதட்டூர்பேட்டை மாப்பிள்ளையைச் சுவிட்சர்லாந்து பனிமலையில் நிற்க வைப்பது, கல்யாணப் பெண்ணை ரோஜாப்பூவுக்குள் உட்கார வைப்பது, கண்ணை மூடிக்கொண்ட தாய்மாமனுக்கு வேறு படத்திலிருந்து கண் திறந்த முகத்தை வெட்டி ஒட்டுவது, இவைதான் வேலை. முகம் மாற்றுவதில் நான் கில்லாடி. ஒட்டின இடம் எங்கே என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

அந்தக் கடை என்றாலே எனக்கு மூக்கில் ஏறுவது பவுடரும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை. இரண்டு துணி மாலைகள் ஆணியில் தொங்கும். மலைக்கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, கல்யாணப் பதிவுக்கு ஜோடி போட்டோ வேண்டும் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் மாலையை எங்கேயாவது விட்டுவிட்டு வருவார்கள். அவர்களுக்காக அந்த இரண்டு. எத்தனை கழுத்து பார்த்திருக்குமோ! ஒரு ஷீட்டில் நாலு காப்பி விழும். மீந்து போவதைக் கவுண்ட்டர் கண்ணாடிக்கு அடியில் வரிசையாகச் செருகி வைப்போம், வருகிறவர்களுக்கு மாதிரி காட்ட.

ஒருநாள் மத்தியானம், ஓனர் சாப்பிடப் போயிருந்தபோது, இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி ரேவதி, பொதட்டூர்பேட்டை. இன்னொருத்தி ஸ்டெல்லா, மணவூர். ஒன்றாக நர்சிங் படித்தவர்கள்.

"ஜோடி போட்டோ எடுக்கணும்ணா," என்றாள் ஸ்டெல்லா.

"மாப்ள பின்னால வந்துகினு இருக்காரா?"

"நாங்க ரெண்டு பேருதாண்ணா ஜோடி."

அசடு வழிய மாலைகளை எடுத்துக் கொடுத்தேன். ரேவதி அவசரமாக மாலையைப் போட்டுக்கொண்டாள். கண் வாசலை விட்டு நகரவில்லை. "சீக்கிரம்ணா, எங்கண்ணன் பைக்கு இந்தப் பக்கம்தான் வரும்."

ஸ்டெல்லா அவள் காதருகே சொன்னாள்: "எங்க சர்ச்சுலயும் ஒத்துக்கமாட்டாங்க, உங்க மலையிலயும் ஒத்துக்கமாட்டாங்க. இந்த கேமராவாவது ஒத்துக்குதா பாக்கலாம்."

ரேவதி சிரித்துவிட்டாள். அந்த நொடியில் நான் அமுக்கினேன். ஆளுக்கொரு காப்பியை நோட்டுக்குள் ஒளித்துக்கொண்டார்கள். "மீதிய கிழிச்சிடுங்கண்ணா, மறக்காம," என்றாள் ரேவதி. சரிம்மா என்றேன்.

ஒன்றைக் கிழித்தேன். இன்னொன்றைக் கிழிக்க மனசு வரவில்லை. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. கை பழக்கத்தில் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டது. பழக்கம் என்று சொல்வதுகூடப் பாதிப் பொய்தான், பெருமையும் இருந்தது.

நாலு நாள் கழித்துப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க ஒருவர் வந்தார். கண்ணாடிமேல் கையூன்றிக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அவர்தான் ரேவதி சொன்ன அண்ணன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது எப்போ எட்த்தது?" குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கண்ணாடியைத் தூக்கிப் படத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "வேற யாரு யாரு பாத்தாங்க?"

இருபது நாளில் ரேவதிக்குக் கல்யாணம். போட்டோ வேலையை எங்களுக்கே கொடுத்தார், வாயை அடைக்கத்தான். படங்கள் என் கம்ப்யூட்டருக்கு வந்தன. நூற்றுக்கணக்கில் இருந்தும் ஒன்றில்கூட அந்தப் பெண் சிரிக்கவில்லை.

அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நைனா இந்த உம்முனு இருக்கற மொகத்த பாத்துட்டு சாப்டாம கெடக்கறாரு. சொந்தக்காரங்க பாக்கற ஆல்பம். எப்டியாவது சிரிக்க வை."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஓனர் என் காதில் கிசுகிசுத்தார்: "அந்த ஜோடி போட்டோல சிரிச்சினு இருக்குதில்ல, அத்த எட்த்து போடு. போட்டுட்டு அழிச்சிடு."

போட்டேன். அதே கழுத்து, மாலைகூடப் பொருந்தியது. முகூர்த்தத்தில், பந்தியில், பனிமலையில் எல்லாம் மாப்பிள்ளை பக்கத்தில் ரேவதி சிரித்தாள். பிறகு மூலப்படத்தை அழித்தேன்.

ஆல்பம் அச்சாகி மேஜைமேல் இருந்த அன்று ஸ்டெல்லா வந்தாள். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறாளாம். ரேவதி வீட்டில் கிடைத்ததையெல்லாம் அவள் அண்ணன் கிழித்துவிட்டாராம், இவளுடைய காப்பியை இவள் அம்மா அடுப்பில் போட்டுவிட்டாளாம். "ஒண்ணே ஒண்ணு பிரிண்ட் போட்டுக் குடுங்கண்ணா."

"கம்ப்யூட்டர் ரிப்பேராயி எல்லாம் போயிடுச்சும்மா," என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது பொய்!

அவள் ஆல்பத்தைப் புரட்டினாள். நாலாவது பக்கத்தில் கை நின்றது. அந்த முகத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இது நான் சொன்னதுக்கு சிரிச்சதுண்ணா," என்றாள். ஆல்பத்தை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இன்று அந்த ஸ்டுடியோ இல்லை, அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஸ்டெல்லா எந்த நாட்டில் இருக்கிறாள் என்று தெரியாது. ரேவதியின் சிரிப்பு மட்டும் ஏதோ ஒரு வீட்டு பீரோவில் ஒரு ஆணின் தோளருகே பத்திரமாக இருக்கும். அவளைச் சிரிக்க வைத்த முகம் அந்தப் பக்கத்தில் இல்லை. வேறு எந்தப் பக்கத்திலும் இல்லை. அழித்தது நான்.