கோல் விழுந்ததும் டெரான் எங்கே ஓடினார்?

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று இரண்டு பெண்கள் ‘கோல்...!’ என்று கத்தினோம். எதிர்வீட்டுக்காரர் கையில் கம்போடு வெளியே ஓடிவந்து, “என்னம்மா, குரங்கு வந்துட்டுதா?” என்றார்.

குரங்கு இல்லை. ஃபுட்பால்!

கத்தியவர்களில் ஒருத்தி நான். இன்னொருத்தி நஸீமா. எங்கள் மலையடிவார ஊரில், வேங்கிக்கால் பக்கம் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். ஆஃப்சைடு என்றால் என்னவென்று எங்கள் இருவருக்குமே இன்றுவரை தெரியாது. பிறகு எதற்கு இந்தக் கூச்சல்? அதைச் சொல்ல என் முட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மாடிப்படி ஏறினால் முட்டி வலி. நஸீமாவிடம் போனேன். பக்கத்துக் கட்டிலில் கட்டிலை விட நீளமாக ஒரு மனிதர், முட்டியில் பட்டைகள் சுற்றியபடி, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். டெரான். ட்ரினிடாட் தீவுக்காரர்.

வெஸ்ட் இண்டீஸ் என்றதும் நம் ஊரில் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? “பேட்டிங்கா, பௌலிங்கா?” நானும் அதைத்தான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, காலால் காற்றில் ஒரு பந்தை உதைத்துக் காட்டினார். உடனே நஸீமாவிடமிருந்து ஒரு அதட்டல். “ஹலோ! அந்தக் கால ஆட்டாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?”

கேரளாவில் விளையாட வந்தவர். ஒரு மேட்ச்சில் முட்டியின் தசைநார் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்தது, கிளப்பும் கைவிட்டது. ‘நிறைய நடக்கணும்’ என்றார்களாம் டாக்டர்கள். ஊரே மலையைச் சுற்றி நடக்கிற ஊர் ஒன்று இருக்கிறதென்று யாரோ சொல்ல, பஸ் ஏறி வந்துவிட்டார்.

நஸீமா முதல் நாளே சொல்லிவிட்டாள்: “மறுபடி ஆட வெச்சிடலாம். ஆனா நான் சொல்றத மட்டும்தான் கேக்கணும்.”

அடுத்தடுத்த கட்டில்களில் படுத்தபடி நாங்கள் பேசிய மத்தியானங்கள்... ஃபேன் சுற்றும். ஜன்னலில் மலை நகராமல் இருக்கும். டெரான் கண்ணை மூடிக்கொண்டு மெல்லிய குரலில் ஊர் ஊராகப் போவார். கடலை ஒட்டிய அவர் ஊர் மைதானம். ஓங்கி உதைத்தால் பந்து அலையில் போய் விழும். யாராவது நீந்திப் போய் எடுத்து வரும்வரை இரண்டு டீமும் சும்மா நின்று கடலைப் பார்க்கும். பிறகு வடக்கே ஒரு குளிர் தேசம். பனியில் தெரிய வேண்டுமென்று அங்கே ஆரஞ்சு நிறப் பந்து. பிறகு வியட்நாம், மழை. பிறகு மலப்புரம், மூங்கில் கேலரியில் இரவெல்லாம் கூட்டம்.

“காலையில் கண் விழித்ததும் மேலே சீலிங்கைப் பார்ப்பேன். எந்த நாடு என்று ஞாபகம் வரும்வரை அசையாமல் கிடப்பேன்” என்றார் ஒருநாள்.

பிறந்ததிலிருந்து ஒரே சீலிங்கைப் பார்க்கிறவள் நான்.

மாதங்கள் ஓடின. முதலில் நடை, பிறகு கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரை மெல்லோட்டம். அவருடைய தமிழும் தேறியது. மொத்தம் மூன்று வார்த்தைகள். ஜாஸ்தி, கம்மி, போதும். எல்லாம் நஸீமா அவர் வலியை விசாரித்துக் கற்றுக்கொடுத்தவை.

ஒருநாள் நஸீமாவிடமிருந்து போன். குரலே வேறு மாதிரி. “ஆன்ட்டி, மலேசியாவுல பெரிய கிளப்பு கூப்பிடுதாம். இவரு வேணான்றாரு! சொந்த ஊர்ல சின்ன வயசுல ஆடின கிளப்புக்குப் போறாராம். அதுவும் சீசனுக்கு ஒரு ஆள் கம்மியா இருக்குதுன்னு கூப்டாங்களாம். அதுக்கா நான் இந்த முட்டிய ரெடி பண்ணேன்?”

நான் கிளினிக்குக்குப் போனபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தாள். இத்தனைக்கும் அந்த முட்டி இன்னும் ஒரு சீசன்தான் தாங்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அந்த ஒன்று பெரியதாக இருக்கட்டுமே என்ற ஆசை.

டெரான் என்னிடம் மெல்ல இரண்டு வார்த்தைகளுக்குத் தமிழ் கேட்டுக்கொண்டார். பிறகு தமிழில் சொன்னார்:

“வெளியூர் ஜாஸ்தி. வீடு கம்மி.”

நஸீமா அவர் முட்டியை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். “ஐஸ் வைக்க மறக்காதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

அப்படித்தான் போன ஞாயிறு வந்தது. டெரானின் ஊரில் சனிக்கிழமை ராத்திரி, இங்கே விடிகிற நேரம். தண்ணீர்த் தொட்டிமேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நாங்கள். எதிரே மலை பாதி மஞ்சில் மிதந்துகொண்டிருந்தது. போனில் வெளிச்சம் போட்ட பச்சை மைதானம், அதன் பின்னால் கறுப்பாக அசைவது கடலாகத்தான் இருக்க வேண்டும். பூமியின் அந்தக் கோடி இருட்டும் இந்தக் கோடி வெளிச்சமும் ஒரே இடத்தில் கலந்த மாதிரி இருந்தது.

டெரானைக் கடைசி நேரத்தில்தான் இறக்கினார்கள். முதல் பந்தை வானத்துக்கு உதைத்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நஸீமா துப்பட்டாவைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாவது பந்து வந்தது. அடிக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்து, கூட ஓடிவந்தவருக்கு மெல்லத் தள்ளிவிட்டார். கோல்!

எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்ள, டெரான் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினார். கோட்டைத் தாண்டி, விளம்பரப் பலகையைத் தாண்டி, கேலரிக்குப் பின்னால்... ஆளையே காணோம். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்தார்.

“முட்டி போச்சா?” நஸீமா எழுந்தேவிட்டாள்.

திரும்பி வந்தவரின் கையைப் பிடித்தபடி ஒரு வயதான அம்மாள். இடுப்பில் ஏப்ரன், இன்னொரு கையில் கரண்டி. அந்த அம்மாளைக் கோட்டோரத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். அனுமதியில்லாமல் வெளியே போனதற்கு ரெஃப்ரி மஞ்சள் அட்டை காட்டினார். டெரான் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

அன்று சாயங்காலம், அதே மாடியில் வீடியோ கால். அங்கே காலை. “எதுக்கு அப்படி ஓடுனீங்க?” என்று நஸீமா கேட்க, நான் இங்கிலீஷில் மாற்றினேன்.

அவர் அம்மா கேலரிக்குப் பின்னால் வண்டி போட்டு வியாபாரம் செய்கிறவராம். பொரித்த ரொட்டியில் கொண்டைக்கடலை வைத்துத் தருவது. நம் சன்னா பட்டூராவுக்குத் தூரத்து உறவு. டெரான் சின்னப் பையனாக அதே மைதானத்தில் ஆடிய காலத்திலிருந்து அங்கேதான். அடுப்பை விட்டு நகர முடியாது. மகன் ஆடி ஒரு மேட்ச் பார்த்ததில்லை. சத்தம் மட்டும் கேட்கும்.

“நேத்துதான் பார்த்தேன்” என்று அந்த அம்மாவே திரைக்குள் தலையை நீட்டினார். பிறகு மகன் பக்கம் திரும்பி, கொஞ்சம் சந்தேகமாகக் கேட்டார். “ஆமாம், அந்த கோல் நீ போடலையாமே? பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அப்போ அந்தக் காலத்தில் எனக்குக் கேட்ட கோல் சத்தமெல்லாம்?”

டெரான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“அதெல்லாம் நான்தான்மா.”

சிரிப்பு தெரிந்துவிடாமல் நானும் நஸீமாவும் அவசரமாக மலையைப் பார்க்க ஆரம்பித்தோம்.