தம்பியின் காதும் நான் மறைத்த சீட்டும்

எங்கள் அருமைத் தம்பி எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு நினைவு மலர் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. எதற்கென்று இதைப் படித்தால் தெரியும்.

காணைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலேயே தம்பி பிறந்தான். எட்டாம் நாள் தொப்புளில் சீழ் பிடித்தது. பால் குடிக்கவில்லை, உடம்பு நெருப்பாய்க் கொதித்தது, வலிப்பும் வந்துவிட்டது. அப்பா கரும்பு வெட்டைப் பாதியில் விட்டுவிட்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். கிருமி மூளை வரை போய்விட்டது என்றார்கள். மூன்று வாரம் ஊசி. அதே வார்டில் எங்கள் கண்ணெதிரே இரண்டு குழந்தைகள் இறந்தன. தம்பி பிழைத்தான்.

வீடு திரும்பியதும் பெயர் வைத்தோம். அத்தை அவன் காதில் மூன்று முறை பெயர் சொல்லியும் அசையாமல் தூங்கினான்.

"மோளம் கொட்டிக்கினே இருந்தாலும் முழிக்காது போலக்கீது. நல்ல புள்ள அண்ணி, ஒங்களுக்குப் பேஜாரே இல்ல" என்று அத்தை அம்மாவிடம் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாவி.

வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மூன்று மாதம் கழித்துக் காதைப் பரிசோதிக்கக் கொண்டுவர வேண்டும் என்று எழுதிய சீட்டை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் என் கையில்தான் கொடுத்தார். கொண்டுபோக வேண்டிய வாரத்தில்தான் எனக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. சொன்னால் அம்மாவுக்குத் துணையாக என்னைத்தான் அனுப்புவார்கள் என்று சீட்டைப் புத்தகத்துக்குள் ஒளித்தேன். தேர்வு முடிந்த பிறகு சொல்லப் பயந்தேன்.

மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம்.

"அந்தக் காய்ச்சல்லயே காது நரம்பு போயிருக்கும்மா. கைக்குழந்தையிலயே மெஷின் வச்சிப் பழக்கியிருந்தா கொஞ்சமாவது கேட்டிருக்கும். ஏன் இத்தினி நாளா கொண்டாரல?"

"எங்களுக்கு யாருமே சொல்லலீங்களே" என்று அம்மா அழுதார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

போன வருடக் கரும்பு வெட்டின்போது, பாதையில் விளையாடிக்கொண்டிருந்தவன் மீது டிராக்டர் ஏறிவிட்டது.

"ஆரன் அடிச்சிக்கினேதாங்க வந்தேன். ஒதுங்கிடுவான்னு நெனச்சேங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார் ஓட்டுநர் அண்ணன். அவரை எங்கள் குடும்பம் என்னென்ன பேச்சுப் பேசியது! ஒரு வார்த்தைகூட அவருக்குரியது அல்ல.

தம்பிக்கு உயிர் கொடுத்த ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், துக்கத்தில் எங்களைத் தாங்கிய உறவினர்களுக்கும் நன்றி. பச்சைக் குழந்தை கடும் காய்ச்சலில் பிழைத்துவிட்டால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். ஓட்டுநர் அண்ணன் வந்தால் உள்ளே அழைத்து உட்கார வையுங்கள்.

அப்பாவிடமும் அம்மாவிடமும் இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உங்களில் யாராவது ஒருவர் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.